கூலியின் கதை – 9: ஆணுக்கும் சிறுவனுக்கும் நடுவே

சென்ற இதழில், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியின் ஆட்களோடு நாமும் மண்டபம் முகாம் வரையில் சென்று நின்றோம். உடம்பைப் பரிசோதித்து, துணிமணிகளைச் சுத்திகரித்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் மலைநாட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த ஜனங்கள் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகவே சென்றார்கள் என்பதையும் அங்கே சொல்லியிருந்தேன். புருஷன் ஒரு பேர், மனைவி ஒரு பேர், வளர்ந்த பிள்ளை ஒரு பேர் என்று அவர்கள் மூவரும் தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தனித்தனியே பதிவானார்கள். ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே தப்பொலியில் எழுந்து, ஒரே மலைச்சரிவில் ஏறிய அந்த மூவருக்கும் அரசாங்கம் மூன்று வெவ்வேறு விலை வைத்த வரலாறே இந்த இதழின் விஷயம்.

இலங்கையில் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழி செய்தது. அதன்படி நிர்ணயமான கூலி 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டின் உயரப் பகுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். நடுநாட்டில் முறையே 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. இந்த ஒன்பது எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சற்றே நிதானமாகப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 54க்கும் 43க்கும் இடையே 11. 43க்கும் 32க்கும் இடையேயும் அதே 11. தாழ்நாட்டில் இரண்டு பக்கமும் சரியாகப் பத்துப் பத்து. நடுநாட்டில் மட்டும் ஒரு சதம் ஏறுமாறு. அதாவது, பிள்ளை பெற்று வளர்த்து, அப்பிள்ளையைக் கொழுந்து பறிக்கவும் பழக்கி, அதே பிள்ளையோடு அதே நிரையில் நிற்கிற தாயானவள், கூலிக் கணக்கில் தன் புருஷனுக்கும் தன் பிள்ளைக்கும் நட்டநடுவே, ஏறக்குறைய அளவுநூல் பிடித்தாற்போல், நிறுத்தப்பட்டாள். அவள் எவ்வளவு கொழுந்து பறிக்கிறாள், ஆண் எவ்வளவு பறிக்கிறான் என்று தராசில் இட்டுப் பார்த்திருந்தால் கணக்கு இத்தனை சீராக வந்து விழுந்திராது என்பது என் துணிபு.

இச்சட்டத்தை இயற்றியவர்கள் கொடியவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அதற்கு முன்பு கூலிக்குச் சட்டபூர்வமான அடிநிலையே கிடையாது. துரையும் கங்காணியும் பேசி வைத்ததே கூலி. அதிலும் தொழிலாளியின் கடன் அதை விழுங்கியதுபோக மிஞ்சியதே கைக்கு வரும். இந்திய அரசாங்கம் 1922ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்து, மறு ஆண்டில் எஸ். ரங்கநாதன் என்பவரைத் தன் முதல் ஏஜெண்டாகக் கண்டிக்கு அனுப்பி, எங்கள் ஜனங்களுக்கு நியாயமான கூலி தராவிட்டால் ஆள் அனுப்ப மாட்டோம் என்ற நிலையை உண்டாக்கிய பிறகே தோட்ட முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஆகையால் 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வெற்றிதான். பாதுகாப்புக்காகப் பிறந்த சட்டந்தான். அந்தப் பாதுகாப்புச் சட்டமே பெண்ணின் குறைகூலிக்கு முத்திரையிட்டுக் கொடுத்தது என்பதைத்தான் நான் இங்கே வருத்தத்தோடு பதிவு செய்ய விரும்புகிறேன். அதுவரை வழக்கமாக இருந்தது, அன்றுமுதல் சாஸனமாயிற்று. வழக்கத்தோடு வாதாடலாம், சாஸனத்தோடு வாதாட ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும்.

கூலியை நிர்ணயிக்க அவர்கள் கைக்கொண்ட முறை ஜீவனச் செலவுக் கணக்கு. மாதத்துக்கு ஒருவருக்கு அரிசி எவ்வளவு, துணி எவ்வளவு, உப்பு, மிளகாய், கருவாடு, எண்ணெய் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டு போவது. பார்வைக்கு மிகவும் நியாயமான முறைதான். ஆனால் கூலி என்பது செய்த வேலைக்கு ஈடா, உயிர் தரித்திருக்க ஆகும் செலவா என்ற கேள்வியை இம்முறை சத்தமின்றித் தாண்டிப் போய்விடுகிறது. பெண் குறைவாக உண்பாள், ஆகையால் அவளுக்குக் குறைவான கூலி போதும் என்பது இதன் உள்ளே ஒளிந்திருக்கும் நியாயம். நம் வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் தாயின் வழக்கம், அவளுடைய தேவையின் அளவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அப்படியே அரசாங்கத்தின் அறிவிப்பில் ஏறி அமர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு 11 சதம் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். மாதம் 25 நாள் பேர் விழுந்தால், அதாவது வேலை பதிவானால், இரண்டே முக்கால் ரூபாய்; அவள் வாங்கிய பத்தே முக்கால் ரூபாய்ச் சம்பளத்தில் அது நாலில் ஒரு பங்குக்கு மேல்.

அவள் ஒரு நாளை எப்படிக் கழித்தாள் என்பதையும் பார்த்துவிடுவோம். இருள் பிரியுமுன் தப்பு ஒலிக்கும். அதற்கும் முன்னே எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, தேநீர்ச் சாயம் காய்ச்சி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்று வேலை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கம்பளித் துண்டைப் போட்டு, அதன்மேல் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிரை பிடித்தால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிக் கைநிறைந்ததும் தோளுக்குப் பின்னே எறியும் அந்தக் கைகள் நிறுவைக்குத்தான் நிற்கும். முற்றிய இலை கலந்துவிட்டால் கணக்கப்பிள்ளையின் ஏச்சு. மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறையில் கழிவு. குறித்த அளவு எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அட்டை கடித்த இரத்தம் கணுக்காலில் காய்ந்திருக்கும். மாலையில் கடைசி நிறுவை முடிந்து, கொழுந்து ஆலைக்குப் போன பின்னரே அவள் லயத்துக்குத் திரும்புவாள். திரும்பியதும் விறகு, தண்ணீர், அடுப்பு.

ஆணுக்கு ஒதுக்கப்பட்டவை கவ்வாத்து, கான்வெட்டு, முள்ளுக் குத்துதல், உரம் போடுதல் முதலியன. கடினமான வேலைகளே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் கணக்கு வேலைகள். இத்தனை செடி, இத்தனை முழம் என்று அளந்து கொடுத்ததை முடித்துவிட்டால் பிற்பகல் தொடங்கும் வேளையிலேயே அவன் வீடு திரும்பலாம். கொழுந்துக்கு அப்படி முடிவு கிடையாது. தேயிலைத் தோட்டத்தின் உழைப்பாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். தோட்டத்தின் வருமானமாகிய கொழுந்து பெரும்பாலும் அவர்களுடைய விரல்களின் வழியாகவே வந்தது. அவர்கள் விரல் நின்றால் ஆலை நிற்கும். அந்த விரல்களுக்குத்தான் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதற்கு மேலும் ஒன்றுண்டு: சம்பள நாளன்று பல தோட்டங்களில் அவளுடைய கூலியை அவள் கையில் கொடுப்பதில்லை, புருஷனோ தகப்பனோ கைநீட்டி வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அவள் பேருக்குத் தலைக்காசு பெற்ற கங்காணிக்குக்கூட அந்த நாளில் தன் பங்கு இன்னதென்று தெரியும்.

நாச்சியாபுரத்திலிருந்து இதை எழுதுகிற எனக்கு இந்த இடத்தில் எங்கள் செட்டிநாட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார், தங்களுக்குள் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்துக் கொள்வார்கள். ஆச்சிமார் தங்கள் சீதனப் பணத்தைத் தனிக்கணக்காக வைத்து வட்டிக்கு விட்டுப் பெருக்கினார்கள். அந்தப் பணம் பெண்ணின் பணம் ஆகையால் வட்டியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எந்த முதலாளும் பேரேட்டில் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பணத்தை அப்படித் தரம் பிரித்தால் அது வேறு கடைக்குப் போய்விடும் என்று எல்லாரும் அறிந்திருந்தார்கள். பெண்ணின் பணத்துக்கு இருந்த அந்த மதிப்பு அதே ஊரில் பெண்ணின் கைக்கு இல்லை. இங்கே நாம் இன்று வியந்து பார்க்கிற பெரிய வீடுகளின் சுவர்களில், முகம் தெரியும்படி வழுவழுப்பாக இருக்கிற அந்தப் பூச்சுக்குச் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, வெண்ணெய்ப் பதம் வரும்வரையில் கல்லில் இட்டு அரைத்து அரைத்துக் கொடுத்தவர்கள் சித்தாள் பெண்கள். பதம் தப்பினால் பூச்சு வெடிக்கும். வெடித்தால் கொத்தனாரின் பேர் கெடும். அந்தப் பதத்தை விரலில் தொட்டே சொன்ன பெண்ணுக்கு, வேலையின் பெயரிலேயே சிறுமை சேர்த்து, கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்ற வரிசையில் மூன்றாம் கூலி.

கடல் கடந்த வேறு நாட்டிலும் எண்கள் இதே சாயலில் அமைந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் 1928ஆம் ஆண்டு வாக்கில் முக்கியமான வட்டாரங்களுக்கு நிர்ணயமான கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில் அது சரிந்துபோய், பிறகு மெல்ல ஏறத் தொடங்கியபோது, 1936ஆம் ஆண்டின் இறுதியில் ரைட் ஆனரபிள் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் அங்கே சென்று தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். வலங்கைமானில் பிறந்து, உலக சபைகளில் பேசி, தென்னாப்பிரிக்காவில் இந்தியரின் மானத்துக்காக வாதாடிய அந்தப் பெரியவர், பழைய கூலியைத் திரும்ப அளிக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தார். ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 என்றே. மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் கத்தி ஆணின் கையில் ஒரு விதமாகவும் பெண்ணின் கையில் வேறு விதமாகவும் கீறுவதில்லை. ஆயினும் அந்தப் பத்துக் காசைப் பற்றி அவருக்கும் கேள்வி எழவில்லை. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நியாயவாதிகளின் கண்ணிலும் படாத அளவுக்கு அந்த வித்தியாசம் காற்றோடு காற்றாய்க் கலந்திருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மலாயாவின் கதை தனியே விரித்துச் சொல்லத்தக்கது; வரும் இதழுக்கு அதை ஒதுக்கியிருக்கிறேன்.

இலங்கைக்குத் திரும்புவோம். டொனமூர் அரசியல் திட்டத்தின்படி 1931ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஆண்களோடு பெண்களும் வாக்குரிமை பெற்றார்கள். ஆசியாவில் அது ஒரு முதன்மையான நிகழ்ச்சி. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அதில் பல தடைகள் வைக்கப்பட்டிருந்தாலும், பதிவு பெற்றவர்கள் மட்டில் ஆணின் வாக்கும் பெண்ணின் வாக்கும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. பெண்ணின் வாக்கை ஐந்தில் நான்காக எண்ணும்படி எவரும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பிரட்டுக் களத்தில் அவள் பழையபடி குறைகூலிக்காரியாகவே நின்றாள். அதே ஆண்டில், தஞ்சைப் பக்கத்திலிருந்து சென்ற கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கண்டார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டந்தோட்டமாக அவரோடு சென்று, தொழிலாளரின் துயரத்தைத் தாமே பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் நின்று பாடினார். அப்பாடல்கள் 1940ஆம் ஆண்டில் நூலாகவும் வந்தன. அந்நியர் நுழையக் கூடாதென்று துரைமார் காவல் வைத்திருந்த காலத்தில், ஒரு குடும்ப ஸ்திரீ மேடையேறிப் பாடுவதென்பது எத்தகைய துணிவு! சங்கத்தில் சந்தா கட்டுவதிலும் வேலைநிறுத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் குந்தியிருப்பதிலும் பெண்கள் ஒருபோதும் பின்தங்கவில்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியல்களில் ‘கூலி உயர்வு’ என்று எழுதும்போது ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று இரு நிரலாக எழுதும் பழக்கத்தைத் தொழிற்சங்கங்களும் நெடுங்காலம் விடவில்லை.

1941ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டம் வந்தது, வித்தியாசம் நீடித்தது. 1948இல் சுதந்திரம் வந்தது, குடியுரிமைச் சட்டம் வந்து அந்த ஜனங்களை நாடற்றவராக்கியது, வித்தியாசம் நீடித்தது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரி – இலங்கைப் பிரதமர் சிறிமாவோ ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டபோது, அந்தப் பங்கீட்டில் மட்டும் ஆண் பெண் இருவரும் சமமாக எண்ணப்பட்டார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. அப்போதும் வித்தியாசம் நீடித்தது. கடைசியில் 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் தோட்டங்கள் எங்கும் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பயனாகத்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது ஏற்கப்பட்டது. நம் பக்கத்து முனைப்புதூரில் பிறந்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் அப்பொழுது மந்திரி சபையில் இருந்துகொண்டே அப்போராட்டத்தின் பக்கம் நின்றார். 1929 முதல் 1984 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். முதல் அறிவிப்பு வந்த ஆண்டில் பிறந்த பெண் குழந்தை, பத்து வயதில் கூடை கட்டியிருந்தால், சம கூலி வந்தபோது கைவிரல் மடங்காத கிழவியாகியிருப்பாள்.

சம கூலி வந்த பின்னும் நாளின் நீளம் சமமாகவில்லை. நாட்கூலி ஒன்றாயிற்று, ஆனால் ஆணின் கணக்கு வேலை பிற்பகலிலேயே முடிகிறது, பெண்ணின் கொழுந்து மாலை நிறுவையில்தான் முடிகிறது. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் அந்தப் பழைய பதினோரு சதம் வேறு உருவில் அங்கேயே நிற்பது தெரியும்.

தாய்நாட்டின் நிலை என்ன? 1950ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் தன் 39ஆம் விதியில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை ராஜ்யத்தின் கொள்கையாக வைத்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. ஆயினும் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு 1974இன் இறுதியில் தன் அறிக்கையைத் தந்து, சர்வதேசப் பெண்கள் ஆண்டும் பிறந்த பிறகே, 1975 செப்டம்பரில் அவசரச் சட்டமும் மறு ஆண்டில் சம ஊதியச் சட்டமும் வந்தன. ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை என்பது அச்சட்டத்தின் திறவுகோல். அத்திறவுகோல் அலுவலகத்தின் பூட்டுகளைத் திறந்தது. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்ஸி என்ற கப்பல் கம்பெனி, பெண் சுருக்கெழுத்தாளர்களுக்குத் தனிப் பதவிப் பெயர் கொடுத்து, அப்பதவியில் ஆண்களே இல்லை, ஆகவே பேதமும் இல்லை என்று வாதாடியபோது, 1987இல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிற்று. கொடுக்கக் கம்பெனிக்குச் சக்தியில்லை என்பதும் ஒரு பதிலாகாது என்று தீர்ப்பளித்தது.

வயலுக்கு அந்தத் திறவுகோல் பொருந்தவில்லை. ஏனெனில் வயலில் ஒத்த வேலை என்பதே இல்லாதபடி வேலைகள் முன்னமே பிரிந்து கிடக்கின்றன. உழவும் வரப்பு வெட்டும் ஆணுக்கு. நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு. குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் நாள் முழுவதும் பின்னோக்கி நடந்து நாற்றை ஊன்றும் பெண்ணோடு ஒப்பிட, அதே வயலில் நாற்று நடும் ஆண் ஒருவனும் இல்லை. பெண்ணின் வேலை என்று பெயர் விழுந்ததாலேயே அதற்குப் பெண்ணின் கூலி. எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் எதை எதனோடு நிறுப்பது?

இந்த முடிச்சு எங்கள் ஜில்லாவில் அவிழத் தொடங்கியது சம ஊதியச் சட்டத்தால் அன்று. 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, முதற்கட்டத்தில் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட ஆறு ஜில்லாக்களுள் சிவகங்கையும் ஒன்று. நாட்கூலி 80 ரூபாய். ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே. கண்மாயிலும் வரத்துக்காலிலும் மண் வேலை. மராமத்து வேலைகளில் அதற்கு முன்பெல்லாம் வெட்டுகிற ஆணுக்கு ஒரு கூலி, சுமக்கிற பெண்ணுக்கு ஒரு கூலி என்பதே வழக்கம். இங்கே வெட்டியவரும் சுமந்தவரும் ஒரே குழியின் அளவுக்கு ஒரே கூலி வாங்கினார்கள்; அளவு குறைந்தால் இருவருக்கும் குறைந்தது. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளமா என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. முணுமுணுத்தவர்களுள் பலர் வெளியில் கூடுதல் கூலி கிடைத்த கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். கண்மாய்க்கரையில் பெண்களே நிறைந்தார்கள். தமிழ்நாடு முழுவதிலும் அத்திட்டத்தின் வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையதாயிற்று.

அந்த நூறு நாள் வேலையிலும் கூலி நிலுவை உண்டு, அளவில் வழக்கு உண்டு, வெயிலில் மயங்கி விழுந்த முதியவள் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் பக்கத்தில், களையெடுக்க ஆள் கூப்பிட வரும் சம்சாரி, ‘நாளைக்கு வந்துருங்கத்தா’ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட முடிவதில்லை. எத்தனை மணிக்கு விடுவீர்கள், எவ்வளவு தருவீர்கள் என்று பெண்கள் உள்ளிருந்தே கேட்கிறார்கள். கேட்டு, போதாதென்றால், கண்மாய் வேலை இருக்கிறதென்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வயலில் வரப்பு வெட்டுகிறவனுக்கு இன்னும் அதிகக் கூலிதான்.